இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய உங்கள் குடும்பத்துப் படைவீரரின் ஆவணங்களைத் தேடுவது எப்படி?

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் சுமார் 25 லட்சம் பேர் பணியாற்றினார்கள். அன்றைய சென்னை மாகாணத்திலிருந்து சேர்ந்தவர்கள் மெட்ராஸ் சாப்பர்ஸ் (பொறியாளர் பிரிவு), மெட்ராஸ் ரெஜிமெண்ட் (காலாட்படை), சர்வீஸ் கோர் (போக்குவரத்து, வழங்கல் பிரிவு), பயனியர் கோர் (உடலுழைப்புப் பணிப் பிரிவு), மருத்துவப் பிரிவு எனப் பலவற்றிலும் இருந்தார்கள். இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகளிடம் எஞ்சியிருப்பது பெரும்பாலும் ஒரு மங்கிய புகைப்படம், ஒன்றிரண்டு பதக்கங்கள், 'பர்மா சண்டைக்குப் போனவர்' என்ற ஒற்றை வாக்கியம் ஆகியவை மட்டுமே. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. தாத்தாவும் அவருடைய அண்ணனும் ராணுவத்தில் சேர்ந்தார்கள். தாத்தா திரும்பி வந்தார், அண்ணன் வரவில்லை. இருவரைப் பற்றியும் எழுத்தில் ஏதாவது கிடைக்குமா என்று தேடத் தொடங்கியபோது, எந்த அலுவலகத்துக்கு முதலில் எழுத வேண்டும், எதைக் கேட்டால் பதில் வரும், எதற்குப் பணம் கட்டுவது வீண் என்பவற்றை ஒரே இடத்தில் சொல்லும் தமிழ்க் குறிப்பு எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். சாதாரணச் சிப்பாய் ஒருவரின் தனிக் கோப்பு இன்று இல்லாமல் போயிருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அவர் இருந்த பட்டாலியன் அல்லது கம்பெனி என்ற படை உட்பிரிவின் கோப்பு எங்காவது இருக்க வாய்ப்பு அதைவிட அதிகம். ஆகவே, ஆளின் பெயரை எடுத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவதைவிட, அவருடைய ராணுவ எண், பிரிவு, சேர்ந்த தேதி, விலகிய அல்லது இறந்த தேதி ஆகிய நான்கையும் உறுதிசெய்வதுதான் முதல் வேலை. கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்த நான்கையே சார்ந்திருக்கின்றன.

1. வீட்டில் இருப்பவற்றை முழுமையாகப் பாருங்கள்

முதலில் தேட வேண்டியது டிஸ்சார்ஜ் சான்றிதழ், அதாவது படைப் பணியிலிருந்து விடுவித்ததற்கான சான்று. பழைய டிரங்குப் பெட்டியிலோ, நிலப் பத்திரங்களோடு சேர்த்துக் கட்டிய துணி மூட்டையிலோ அது இருக்கக்கூடும். நிலப் பத்திரங்கள் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: முன்னாள் படைவீரர் என்ற வகையில் அரசு ஒப்படை செய்த நிலம் குடும்பத்தில் இருந்தால், அந்த ஒப்படை ஆணையிலேயே அவருடைய எண்ணும் பிரிவும் குறிக்கப்பட்டிருக்க வாய்ப்புண்டு. ஓய்வூதியப் புத்தகம், மணியார்டர் ரசீது, களத்திலிருந்து எழுதிய கடிதம் ஆகியவையும் பயன்படும். கடித உறையில் ஊர்ப் பெயருக்குப் பதிலாகக் கள அஞ்சலக எண் மட்டுமே இருக்கும்; அந்த எண்ணையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பதக்கங்கள். இந்திய ராணுவத்தினருக்கு வழங்கப்பட்ட நட்சத்திரப் பதக்கங்களின் பின்புறத்திலும், வட்டப் பதக்கங்களின் விளிம்பிலும் எண், பதவி, பெயர், பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டிருப்பதுண்டு. எங்கள் வீட்டு நட்சத்திரத்தின் பின்பக்கம் முதலில் வெறும் கறுத்த உலோகமாகத்தான் தெரிந்தது. கைவிளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தபோதுதான் ஊசி முனை அளவிலான ஆங்கில எழுத்துகள் தெரிந்தன. அவற்றின் தொடக்கத்தில் ராணுவ எண் இருந்தது. எனவே பதக்கத்தைப் பளபளப்பாக்குகிறேன் என்று புளியோ சாம்பலோ போட்டுத் தேய்க்காதீர்கள். ஏற்கெனவே மெலிதாக இருக்கும் பொறிப்பு அதில் அழிந்துவிடும். உலர்ந்த மென்துணியால் துடைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்தால் போதும்.

பொறிப்பு இல்லாவிட்டாலும் நாடா இருந்தால் போர்முனை தெரிந்துவிடும். கருநீலத்தின் நடுவே அகன்ற சிவப்புப் பட்டையும் இருபுறமும் மெல்லிய ஆரஞ்சுக் கோடுகளும் இருந்தால் அது பர்மா நட்சத்திரம். சிவப்பு, வெள்ளை, பச்சை வண்ணங்கள் செங்குத்தாக வந்தால் இத்தாலி நட்சத்திரம். மங்கிய மணல் நிறத்தில் நடுவே சிவப்பும் இருபுறம் கருநீலமும் இளநீலமும் இருந்தால் ஆப்பிரிக்க நட்சத்திரம். இந்திய சேவைப் பதக்கம் மட்டும் இருந்தால், அவர் இந்தியாவுக்குள்ளேயே பணியாற்றியிருக்க வாய்ப்பு அதிகம். பழைய பதக்கங்களின் நாடாக்களைப் பிற்காலத்தில் மாற்றி மாட்டியிருப்பதும் உண்டு என்பதால், நட்சத்திரத்தின் முகப்பில் உள்ள வாசகத்தோடு நாடாவை ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

புகைப்படத்தில் தொப்பிச் சின்னம், தோள்பட்டை எழுத்து, சட்டைக் கையில் உள்ள டிவிஷன் (பெரும்படைப் பிரிவு) சின்னம் ஆகிய மூன்றையும் தனித்தனியாகப் பெரிதாக்கி வைத்துக்கொள்ளுங்கள். படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றிப் பின்பக்கத்தையும் பாருங்கள். ஸ்டுடியோவின் முத்திரையில் ஊர்ப் பெயர் இருக்கக்கூடும். பெங்களூர் என்றிருந்தால் சாப்பர்ஸ் என்ற திசையிலும், மதுக்கரை, கோயம்புத்தூர் என்றிருந்தால் மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்ற திசையிலும் யோசிக்கலாம். போர்க்காலத்தில் அந்த ரெஜிமெண்டின் பயிற்சி மையம் மதுக்கரையில் இருந்தது. 1947-இல்தான் வெலிங்டனுக்கு மாறியது.

வீட்டுப் பெரியவர்களிடம் உடனே பேசிப் பதிவுசெய்யுங்கள். 'எந்த ரெஜிமெண்ட்?' என்று கேட்டால் பெரும்பாலும் தெரியாது என்பார்கள். 'பாலம் கட்டினாரா, லாரி ஓட்டினாரா, ஆஸ்பத்திரியில் இருந்தாரா, எந்த ஊரில் கப்பல் ஏறினார், எந்த மொழியில் சில சொற்கள் பேசுவார்?' என்று கேளுங்கள். 'பாலம் கட்டினார்' என்ற பதில் பொறியாளர் பிரிவையும், 'சில இத்தாலியச் சொற்கள் சொல்லுவார்' என்ற பதில் ஒரு கண்டத்தையே உங்களுக்குக் காட்டிக்கொடுக்கும்.

2. எந்தப் போர்முனை என்பதைத் தேதியால் உறுதிசெய்யுங்கள்

வீட்டில் 'பர்மா' என்று சொல்வது மூன்று வெவ்வேறு காலங்களைக் குறிக்கலாம். 1942-இன் பின்வாங்கலில் ரங்கூன் மார்ச் 8 அன்று வீழ்ந்தது. 1944 மார்ச் முதல் ஜூலை வரை இம்பால், கோஹிமா சண்டைகள் நடந்தன. 1945-இல் மெய்க்திலாவும் மண்டலேயும் மார்ச் மாதத்திலும் ரங்கூன் மே மாதத் தொடக்கத்திலும் மீட்கப்பட்டன. சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15 அன்று சரணடைந்தது. மலாயாவுக்குப் போனவர் என்றால் அவர் போர்க்கைதியானவராக இருக்கக்கூடும். ஆப்பிரிக்கா என்றால் எரித்திரியாவின் கெரன் சண்டை 1941-இன் தொடக்கத்திலும், எல் அலமைன் பெருஞ்சண்டை 1942 அக்டோபர், நவம்பரிலும் நடந்தன. இத்தாலியில் 4, 8, 10-ஆம் இந்திய டிவிஷன்கள் போரிட்டன. அவர் சேர்ந்த தேதியையும் கடிதத் தேதிகளையும் இவற்றோடு பொருத்திப் பார்த்தால், பின்னால் எந்தக் கோப்பு வரிசையில் தேட வேண்டும் என்பது சுருங்கிவிடும்.

3. அவர் திரும்பவில்லை என்றால்: போர்க் கல்லறை ஆணையம்

1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரையிலான காலத்தில் படைப் பணியில் இருந்தபோது இறந்தவர்களைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் பதிவுசெய்து வைத்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் இறந்த இந்தியப் படையினர் 87,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அதில் உள்ளன. இறந்த காரணம் குண்டாக இருக்க வேண்டும் என்பதில்லை. மலேரியாவாலோ விபத்தாலோ இறந்திருந்தாலும் பதிவு இருக்கும். இணையத்தில் தேடுவது முற்றிலும் இலவசம். நினைவுச் சான்றிதழையும் கட்டணமின்றிப் பதிவிறக்கலாம்.

இங்கே பெரும்பாலானவர்கள் சிக்கிக்கொள்ளும் இடம் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல். ஆட்சேர்ப்பு எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதுதான் பதிவில் நிற்கிறது. முனுசாமி என்ற ஒரே பெயர் முனிசுவாமி, முனசாமி எனப் பல வடிவங்களில் வரும். செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவரும், 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மிஞ்ஞானோ அருகே கண்ணிவெடியின்மேல் தன் உடலைப் போட்டுச் சகாக்களைக் காப்பாற்றி உயிர்நீத்து, ஜார்ஜ் சிலுவை என்ற உயரிய பிரிட்டிஷ் வீர விருதைப் பெற்ற முதல் இந்தியராக அறியப்படுபவருமான மெட்ராஸ் சாப்பர்ஸ் சுபேதார் சுப்ரமணியத்தின் பெயரே ஆவணத்துக்கு ஆவணம் வேறு எழுத்துகளில் வருகிறது. அவ்வளவு புகழ்பெற்ற ஒருவருக்கே அப்படி என்றால் ஒரு சாதாரணச் சாப்பருக்கு என்ன நிலை என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே:

முதலில் ராணுவ எண்ணை மட்டும் கொடுத்துத் தேடுங்கள். எண் தெரியாவிட்டால் பெயரின் முதல் மூன்று நான்கு எழுத்துகளை மட்டும் கொடுத்து, படை இந்திய ராணுவம் என்றும், போர் இரண்டாம் உலகப் போர் என்றும் வடிகட்டுங்கள். இனிஷியலைச் சேர்க்காதீர்கள், இந்தியச் சிப்பாய்களின் பதிவில் பெரும்பாலும் இனிஷியல் இருப்பதில்லை. பெயரைக் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் இடுங்கள். வரும் பட்டியலை ரெஜிமெண்டால் சுருக்கிய பிறகு, ஒவ்வொரு பதிவிலும் உள்ள கூடுதல் தகவல் பகுதியைப் படியுங்கள். 'இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்ன ஊர்' என்று அங்கே இருக்கும் வரிதான் அவர் உங்களவரா என்பதை முடிவுசெய்யும். மாவட்டப் பெயர்கள் அன்றைய வழக்கில் இருக்கும்: வட ஆற்காடு, செங்கல்பட்டு, ராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், திருநெல்வேலி ஆகியவற்றின் பழைய ஆங்கில வடிவங்களைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். இன்றைய மாவட்டப் பெயரை வைத்துத் தேடினால் எதுவும் வராது.

பதிவு கிடைத்த பிறகு எழும் அடுத்த குழப்பம், 'கல்லறை எங்கே?' என்பது. இந்து, சீக்கியப் படைவீரர்களின் உடல்கள் தகனம் செய்யப்பட்டதால் அவர்களுக்குப் பெரும்பாலும் தனிக் கல்லறை இருக்காது; தகன நினைவுச் சின்னத்தில் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். உடலே கிடைக்காதவர்களின் பெயர்கள் பெரிய நினைவுத் தூண்களில் உள்ளன. பர்மாவில் இறந்து கல்லறை அறியப்படாத சுமார் 27,000 பேரின் பெயர்கள், யங்கோனுக்கு வடக்கே டவுக்கியான் கல்லறைத் தோட்டத்தில் உள்ள ரங்கூன் நினைவுச் சின்னத்தில் இருக்கின்றன. எங்கள் தாத்தாவின் அண்ணன் பெயர் அங்கேதான் இருக்கிறது. மலாயா, சிங்கப்பூர் போர்முனையோடு தொடர்புடைய 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் சிங்கப்பூரின் கிராஞ்சியில் உள்ளன. கல்லறை இல்லை என்பதைப் பதிவே இல்லை என்று எண்ணிப் பலர் தேடலைக் கைவிட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

பதிவுப் பக்கத்தின் கீழே கல்லறைப் பதிவு அறிக்கை, நினைவுப் பலகைப் பட்டியல் போன்ற அசல் தாள்களின் படங்கள் இணைக்கப்பட்டிருந்தால் அவற்றையும் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். தட்டச்சுத் தாளின் ஓரத்தில் கையால் எழுதப்பட்ட திருத்தங்களில் சில சமயம் உண்மையான ஊர்ப் பெயர் கிடைக்கும்.

4. அவர் திரும்பி வந்தார் என்றால்: ஆவண அலுவலகம்

உயிருடன் திரும்பியவர்களுக்கு இப்படி ஒரு பொதுப் பட்டியல் கிடையாது. அவர் சேர்ந்த பிரிவின் இன்றைய வாரிசுப் பிரிவு எதுவோ அதன் ஆவண அலுவலகத்துக்குத்தான் எழுத வேண்டும். சாப்பர்ஸ் என்றால் பெங்களூரில் உள்ள மெட்ராஸ் பொறியாளர் குழு ஆவண அலுவலகம். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். பீரங்கிப் படை என்றால் நாசிக் ரோடு. சிக்னல்ஸ் எனப்படும் தகவல் தொடர்புப் பிரிவு என்றால் ஜபல்பூர். மருத்துவப் பிரிவு என்றால் லக்னோ. பயனியர், சர்வீஸ் கோர் தெற்குப் பிரிவு இரண்டும் பெங்களூர். தளவாடப் பிரிவும், மின்-இயந்திரப் பொறியாளர் பிரிவும் செகந்திராபாத். கடற்படை மாலுமி என்றால் மும்பை மான்குர்ட்டில் உள்ள மாலுமிகள் பணியகம். விமானப் படை வீரர் என்றால் புது தில்லி சுப்ரோதோ பார்க்கில் உள்ள ஆவண அலுவலகம்.

எழுதுவதற்கு முன் ஒரு விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். ஓய்வூதியம் பெறாமல் விலகியவர்களின் பணி ஆவணங்கள் 25 ஆண்டுகளுக்குப் பிறகும், ஓய்வூதியம் பெற்றவர்களின் ஆவணங்கள் 50 ஆண்டுகளுக்குப் பிறகும் அழிக்கப்படலாம் என்பது ராணுவ நடைமுறை. போர் முடிந்தவுடன் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் மிகப் பலருக்கு ஓய்வூதியம் கிடையாது. அதனால் 'பணி ஆவணத்தின் நகல் வேண்டும்' என்று மட்டும் கேட்டால், 'விதிப்படி அழிக்கப்பட்டுவிட்டது' என்ற ஒற்றை வரி பதில் வந்து சேரும். எனக்கும் அதுதான் வந்தது. கேட்க வேண்டியது லாங் ரோல். சேர்ந்தவர்களின் பெயர்களை வரிசையாக எழுதிவைக்கும் இந்தப் பேரேடு நிரந்தரமாகப் பாதுகாக்கப்பட வேண்டியது. எண், பெயர், தந்தை பெயர், ஊர், சேர்ந்த தேதி, விலகிய தேதி, விலகிய காரணம் போன்றவை அதில் இருக்கும். கடிதத்தில் இந்த வாக்கியத்தைத் தவறாமல் சேருங்கள்: 'பணி ஆவணம் அழிக்கப்பட்டிருப்பின், லாங் ரோலில் உள்ள பதிவின் சான்றிட்ட நகலையும், அழிப்புப் பதிவேட்டில் உள்ள உரிய பதிவையும் அளிக்கவும்.'

முதலில் சாதாரணக் கடிதம் அனுப்புங்கள். அதற்குத் தபால் செலவு மட்டும்தான். ஆங்கிலத்தில், ஒரே பக்கத்தில், எண், பெயரின் எல்லா எழுத்துக்கூட்டல்கள், தந்தை பெயர், கிராமம், தாலுகா, அன்றைய மாவட்டம் ஆகியவற்றைக் கட்டம் போட்டு எழுதுங்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், உங்கள் ஆதார் ஆகியவற்றின் நகல்களை இணையுங்கள். விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். குடும்பக் கதையை இரண்டு பக்கத்துக்கு எழுத வேண்டாம். படிப்பவர் ஒரு எழுத்தர், அவருக்குத் தேவை எண் மட்டுமே.

ஒன்றிரண்டு மாதங்களில் பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பியுங்கள். மத்திய அரசின் இணையதளத்தில் கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. அஞ்சலில் அனுப்பினால் 10 ரூபாய்க்கான இந்தியப் போஸ்டல் ஆர்டரை இணைக்க வேண்டும். நகலுக்குப் பக்கம் 2 ரூபாய். பதில் தர வேண்டிய கெடு 30 நாள். வேறு அலுவலகத்துக்குரியது என்றால் 5 நாளுக்குள் அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். இணைய விண்ணப்பத்தில் 3,000 எழுத்துகளுக்கு மேல் எழுத முடியாது என்பதால் விவரத்தைத் தனிக் கோப்பாக இணையுங்கள். இந்தியக் குடிமக்கள் மட்டுமே விண்ணப்பிக்க முடியும். நீங்கள் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவராக இருந்தால் ஊரிலுள்ள உறவினர் பெயரில் அனுப்புங்கள்.

'மூன்றாம் நபரின் தனிப்பட்ட தகவல்' என்று மறுப்பு வரக்கூடும். சோர்ந்துவிடாதீர்கள். அதே சட்டத்தின் 8(3) பிரிவின்படி, 20 ஆண்டுகளுக்கு முன் நடந்த நிகழ்வு பற்றிய தகவலை, நாட்டின் பாதுகாப்பு முதலிய சில விதிவிலக்குகள் நீங்கலாக, அளிக்க வேண்டும். தனிப்பட்ட தகவல் என்ற காரணம் அந்த விதிவிலக்குகளில் சேரவில்லை. இதைக் குறிப்பிட்டு 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. அதற்கு 30 நாளில், மிஞ்சினால் 45 நாளில் முடிவு தர வேண்டும். அதுவும் சரியாக அமையாவிட்டால் 90 நாளுக்குள் மத்தியத் தகவல் ஆணையத்துக்குப் போகலாம்; அங்கே மாதக்கணக்கில் காத்திருக்க நேரிடும். உரிமைச் சட்டப்படி உறவை நிரூபிக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்றாலும் வாரிசுச் சான்றை இணைத்துவிடுவது நல்லது. மறுப்பதற்கான காரணங்களில் ஒன்று அப்போதே குறைந்துவிடும்.

5. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம்

போர் முடிந்து திரும்பியவர் எப்போதாவது உதவித்தொகை கேட்டிருந்தால், அல்லது பாட்டி விதவை உதவித்தொகை பெற்றிருந்தால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிவு இருக்கும். ஓய்வூதியம் இல்லாத இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் தமிழ்நாடு அரசு நிதியுதவி வழங்கி வந்திருப்பதால் இந்த வழி பலருக்குப் பயன்பட்டிருக்கிறது. நேரில் செல்லுங்கள், பாட்டியின் பெயரையும் கணவரின் பெயரையும் சேர்த்துக் கேளுங்கள். மாவட்டங்கள் பிரிக்கப்பட்டுள்ளதால் பழைய பதிவேடு தாய் மாவட்டத் தலைநகரிலேயே தங்கியிருக்கலாம் என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

6. பிரிவின் போர் நாட்குறிப்பு

தனி ஆவணம் அழிந்துவிட்டது என்ற பதில் வந்தாலும் தேடல் அங்கே முடிவதில்லை. ஒவ்வொரு பட்டாலியனும் கம்பெனியும் போர்க்காலத்தில் மாதந்தோறும் நாட்குறிப்பு எழுதி அனுப்பியது. இடம், தேதி, நேரம், நிகழ்வுச் சுருக்கம் என்று பத்தி பிரித்த படிவத்தில், ஆற்றில் எத்தனை மணிக்குப் பாலம் போடத் தொடங்கினார்கள், மழையால் எந்தச் சாலை அடைபட்டது, எத்தனை பேர் காயமடைந்தார்கள் என்பதுவரை இருக்கும். சிப்பாய்களின் பெயர் அபூர்வமாகவே வரும். ஆனால் அவர் அந்தக் கம்பெனியில் இருந்தார் என்பது லாங் ரோலாலோ பதக்கத்தாலோ உறுதியாகிவிட்டால், அந்த நாளில் அவர் எந்த ஆற்றங்கரையில் நின்றிருக்கக்கூடும் என்பது தெரிந்துவிடும். இந்தத் தேடலில் எனக்கு மிகுந்த மனநிறைவைத் தந்த ஆவணம் இதுதான். வீட்டார் 'பெரிய ஆறு' என்று மட்டும் சொல்லிவந்தது எது என்பது அந்தத் தாளில்தான் எனக்குப் புலப்பட்டது.

இவை லண்டன் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில், போர் அலுவலகக் கோப்பு வரிசைகளில் உள்ளன. தென்கிழக்கு ஆசியா என்றால் வரிசை எண் 172, மத்தியக் கிழக்கும் வட ஆப்பிரிக்காவும் என்றால் 169, இத்தாலி என்றால் 170. விருதுப் பரிந்துரைகள் 373-ஆம் வரிசையில் இருக்கின்றன. உங்கள் தாத்தா வீரப்பதக்கம் பெற்றிருந்தால், அவர் செய்த செயலை விவரிக்கும் பரிந்துரைத் தாளே அங்கே கிடைக்கக்கூடும். பட்டியலில் தேடுவது இலவசம். ஆனால் போர் நாட்குறிப்புகளில் பெரும்பாலானவை இணையத்தில் முழுமையாக இல்லை. அவர்களிடமே நகல் கேட்டால் முதலில் பக்கங்களைப் பார்த்து மதிப்பிடுவதற்கு ஒரு கட்டணம், பிறகு பக்கத்துக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும். ஒரு ஆண்டின் நாட்குறிப்பு தடிமனாக இருந்தால் தொகை ஏறிவிடும்.

செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. லண்டனில் உறவினரோ நண்பரோ இருந்தால், அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் காட்டி இலவசமாக வாசகர் அட்டை பெற்று, கோப்பை முன்கூட்டியே கேட்டுவைத்து, தம் கைபேசியிலேயே எல்லாப் பக்கங்களையும் படமெடுக்கலாம். படமெடுப்பதற்குக் கட்டணம் இல்லை. போகும் முன் அவர்களின் வேலை நாள் அட்டவணையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஞாயிறும் திங்களும் வாசிப்பறை மூடியிருக்கும். அவரிடம் கோப்பின் முழு எண்ணை எழுதிக் கொடுங்கள். 'மெட்ராஸ் சாப்பர்ஸ்' என்று மட்டும் சொல்லி அனுப்பினால் எந்தக் கம்பெனி என்று தெரியாமல் அவருடைய நாள் வீணாகும். சாப்பர்ஸ் கம்பெனிகள் தனித்தனியாக வெவ்வேறு டிவிஷன்களோடு இருந்தன. சுபேதார் சுப்ரமணியத்தின் 11-ஆம் பீல்ட் பார்க் கம்பெனி இத்தாலியில் இருந்தபோது, அதே மெட்ராஸ் சாப்பர்ஸின் வேறு கம்பெனிகள் பர்மா போர்முனையில் இருந்தன.

இந்தியாவிலேயே தேட விரும்பினால் புது தில்லியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் என்ற இணையத் தொகுப்பில் இலவசமாகப் பதிவுசெய்து போர்த் துறைக் கோப்புகளைப் பார்க்கலாம்.

7. வழக்கமான பட்டியல்களில் வராதவர்கள்

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் சரணடைந்த பிறகு இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர் என்றால், மேலே சொன்ன ஆவண அலுவலகத்தின் பதிவு 1942-ஓடு நின்றுபோயிருக்கலாம். அவர்களுக்குத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள இந்திய தேசிய ராணுவக் கோப்புகளே வழி. சேராமல் கைதியாகவே இருந்தவர்களில் பலர் நியூகினியா உள்ளிட்ட தீவுகளுக்கு வேலைக்காகக் கொண்டுசெல்லப்பட்டார்கள்; இறந்திருந்தால் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் இருப்பார்கள்.

மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம்-பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் படையினர் அல்லர் என்பதால் போர்க் கல்லறை ஆணையத்தின் படைவீரர் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்காது. அங்கே மாண்டவர்களில் மிகப் பலருக்குப் பெயர் பொறித்த கல்லறை இல்லாமல் போனது பெரும் அநீதி. உங்கள் குடும்பத்தவர் அப்படிப் போனவர் என்றால், ராணுவ ஆவண அலுவலகங்களுக்கு எழுதிக் காலத்தைச் செலவிடாமல், மலேசியாவில் உள்ள தோட்டப் பதிவுகள், உறவினர்களின் வாய்மொழி ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள். காஞ்சனபுரியில் உள்ள தாய்லாந்து-பர்மா ரயில்வே மையம் இந்தப் பாதை பற்றி நெடுங்காலமாக ஆய்வு செய்துவருகிறது; அவர்களுக்கும் எழுதிப் பாருங்கள்.

8. பணம் வீணாகும் இடங்கள்

வெளிநாட்டு வம்சாவளித் தளங்கள் சந்தா கட்டச் சொல்லும். அவற்றில் உள்ள ராணுவப் பதிவுகள் மிகப் பெரும்பாலும் பிரிட்டிஷ் படையினருடையவை. பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகத்துக்குக் கட்டணம் செலுத்தி இந்தியச் சிப்பாயின் பணி ஆவணம் கேட்பதும் பயன் தராது; அவர்களிடம் இருப்பது பிரிட்டிஷ் படைகளின் ஆவணம். பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் இந்திய ராணுவத்தின் அதிகாரிகளைப் பற்றிய கோப்புகள் உண்டு. சாதாரணச் சிப்பாய்களுடையவை அங்கே இல்லை. ஆவணம் எடுத்துத் தருகிறேன் என்று முன்பணம் கேட்கும் இடைத்தரகரிடம், கோப்பின் எண்ணையும் ஒரு மாதிரிப் பக்கத்தையும் காட்டிய பிறகே பணம் தாருங்கள். அசல் டிஸ்சார்ஜ் சான்றிதழையோ பதக்கத்தையோ எந்தக் காரணத்துக்காகவும் யாரிடமும் கொடுத்தனுப்பாதீர்கள். போர்ப் பதக்கங்களைச் சேகரிப்பவர்களின் சந்தை பெரியது, கைமாறிய பதக்கம் திரும்பி வருவதில்லை.

9. நேரில் செல்லுதலும் திருத்தம் கோருதலும்

போர்க் கல்லறைத் தோட்டங்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. கோஹிமா, இம்பால் இரண்டுக்கும் செல்ல இன்னர் லைன் பெர்மிட் (அந்த மாநிலங்களுக்குள் நுழைவதற்கான அனுமதிச் சீட்டு) தேவை, இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். மணிப்பூருக்குப் புறப்படும் முன் அப்போதைய பாதுகாப்பு நிலையை விசாரித்துக்கொள்ளுங்கள்; மியான்மருக்கும் இதுவே பொருந்தும். கிராஞ்சிக்கு அதே பெயருள்ள எம்.ஆர்.டி. (நகர ரயில்) நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். புறப்படும் முன் பதிவுப் பக்கத்தில் உள்ள தூண் அல்லது முக எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயர்கள் ரெஜிமெண்ட், பதவி, அதன் பிறகு ஆங்கில அகரவரிசை என்ற ஒழுங்கில் பொறிக்கப்பட்டிருக்கும்; எண் இல்லாமல் ஆயிரக்கணக்கான பெயர்களுக்கு நடுவே வெயிலில் தேடுவது முதியவர்களுக்குப் பெரும் சிரமம். போக முடியாதவர்கள், போர்க் கல்லறைகளைப் படமெடுத்துத் தொகுக்கும் தன்னார்வத் திட்டத்திடம் சிறு கட்டணத்தில் படம் கேட்கலாம்.

பதிவில் பெயரோ ஊரோ தவறாக இருந்தால், அல்லது பணியில் இறந்தவரின் பெயரே விடுபட்டிருந்தால், போர்க் கல்லறை ஆணையத்துக்கு மின்னஞ்சலில் எழுதலாம், கட்டணம் இல்லை. அவர்கள் கேட்பது அந்தக் காலத்து எழுத்துச் சான்று: ராணுவம் குடும்பத்துக்கு அனுப்பிய இறப்புத் தந்தி, விதவை ஓய்வூதிய ஆணை, லாங் ரோலின் நகல் போன்றவை. குடும்பத்தார் இன்று எழுதித் தரும் உறுதிமொழிப் பத்திரம் மட்டும் போதாது. எனவே நான்காம் படியில் லாங் ரோலின் சான்றிட்ட நகல் கைக்கு வந்த பிறகே இதற்கு விண்ணப்பியுங்கள்; ஆய்வுக்குச் சில மாதங்கள் பிடிக்கும். அவர்கள் தரும் குறிப்பெண்ணைப் பின்னர் அனுப்பும் ஒவ்வொரு மின்னஞ்சலிலும் மேற்கோள் காட்டுங்கள்.